மகள் ராத்திரியெல்லாம் அழுகிறாள், வீட்டுக்குக் கூட்டி வந்துவிடலாமா?

கேள்வி:

வணக்கம். நாங்கள் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம். முன்பு தோட்டத்தில் இருந்தோம், இப்போது தாமான் குடியிருப்பில் சொந்த வீடு. வீட்டுக்காரர் செம்பனை லாரி ஓட்டுகிறார், எனக்குப் பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை. மூத்த மகள் ஆறாம் படிவம் முடித்து, எஸ்.டி.பி.எம்.மில் நல்ல புள்ளி எடுத்து, இந்த வருஷம் பல்கலைக்கழகம் போயிருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் அவள்தான் முதல் ஆள். விடுதியில் விட்டு ஒரு மாதம் ஆகிறது. தினமும் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் போன் செய்து அழுகிறாள். அறையில் ஒரு கிளந்தான் மலாய்ப் பிள்ளை. அவள் பேசுவது புரியவில்லையாம். விடியற்காலையில் அந்தப் பிள்ளையின் அலாரம் நாலைந்து தடவை அடிக்கிறதாம். கேண்டீன் சாப்பாடு இறங்கவில்லை என்றாள், சின்ன ரைஸ் குக்கர் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதையும் பயந்துகொண்டு அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வீட்டுக்கு வருகிறேன் என்கிறாள். பஸ்ஸில் ஐந்து மணி நேரம். "யார் வம்புக்கும் போகாதே, வாயைத் திறக்காதே, படிப்பை மட்டும் பார்" என்றுதான் சொல்லி அனுப்பினேன். அப்படித்தான் இருக்கிறாள், ஆனாலும் நிம்மதி இல்லை. நம் இன சீனியர் பிள்ளைகள் சிலர் ராத்திரிக் கூட்டம் என்று கூப்பிடுகிறார்களாம், வராவிட்டால் ஒதுக்கி வைத்துவிடுவோம் என்கிறார்களாம். வெளியே இந்தியப் பிள்ளைகள் மட்டும் தங்கும் வாடகை வீடு பார்த்துத் தருகிறோம் என்றும் அவர்களே சொல்கிறார்கள். வீட்டுக்காரர் அதற்குச் சரி என்கிறார். பேசாமல் கூட்டி வந்து பக்கத்திலேயே ஏதாவது படிக்க வைக்கலாமா?

(பெயரையும் பல்கலைக்கழகத்தையும் நீக்கிக் கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன்.)

பதில்:

அம்மா, கூட்டி வராதீர்கள். வாடகை வீட்டுக்கும் இப்போது மாற்றாதீர்கள். ஆனால் போகிறபோக்கில் ஒரு வரியாக எழுதியிருக்கிறீர்களே அந்த ராத்திரிக் கூட்டம், அதை இந்த வாரமே கவனிக்க வேண்டும். அழுகைக்கும் அலாரத்துக்கும் கொஞ்சம் நேரம் கொடுக்கலாம். அந்தக் கூட்டத்துக்குக் கொடுக்க முடியாது.

பல்கலைக்கழக மாணவர் ஆலோசகராகவும், கொஞ்ச காலம் விடுதி ஃபெலோவாகவும் (விடுதியில் குடியிருக்கும் பொறுப்பாளர்) இருந்தவள் நான். தோட்டப்புற ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகளைப் பற்றி ஒரு விஷயம் கவனித்திருக்கிறேன். உங்கள் மகள் ஆறாம் படிவத்திலிருந்து போனவள். இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, ஆனால் பாதிக் கதை இதில்தான் இருக்கிறது. மெட்ரிகுலேஷன் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு) வழியாக வந்த பிள்ளைகள் ஏற்கெனவே விடுதியில் இருந்து பழகியவர்கள். அஸ்ராமா பள்ளியில், அதாவது விடுதியோடு கூடிய பள்ளியில், படித்தவர்கள் பதின்மூன்று வயதிலேயே வீட்டைவிட்டுக் கிளம்பியவர்கள். வாளியோடு வரிசையில் நின்று குளிப்பதும், முகம் தெரியாத ஒருத்தி பக்கத்துக் கட்டிலில் குறட்டை விடுவதும் அவர்களுக்குப் பழகிப்போனவை. எஸ்.டி.பி.எம். எடுத்த பிள்ளை பத்தொன்பது இருபது வயது வரை அம்மா கையால் சாப்பிட்டுப் பள்ளிக்கூட பஸ் ஏறியவள். சுற்றிலும் எல்லாரும் சகஜமாக இருப்பதைப் பார்த்து, தனக்கு மட்டும்தான் முடியவில்லை என்று நினைத்துக்கொள்கிறாள். அவர்கள் அழ வேண்டியதை முன்பே எங்கேயோ அழுது முடித்துவிட்டார்கள் என்று அவளிடம் சொல்லுங்கள். வருஷா வருஷம் பார்க்கிறேன், இதைக் கேட்டதும் பிள்ளைகளின் முகத்தில் ஒரு தெளிவு வரும்.

பதினொரு மணிக்கு வரும் போனை மாலைக்கு மாற்றுங்கள். அந்த நேரத்தில் களைத்துப்போன யாருக்கும் எல்லாமே பெரிதாகத்தான் தெரியும். அவள் அழுது முடித்துத் தூங்கிவிடுவாள், நீங்கள்தான் விடிய விடிய விழித்திருப்பீர்கள். ஆறரை ஏழு மணி வாக்கில், சாப்பிடப் போவதற்கு முன்னால், பத்து நிமிஷம் போதும். "அழுதியா, சாப்பாடு இறங்குச்சா" என்று கேட்டால் அதற்கேற்ற பதில்தான் வரும். "காலையில யார்கூட பசியாறின? எந்த லெக்சரர் பேசுறது நல்லா புரியுது?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் சில நாள் பதில் இருக்காது. இருந்தாலும் கேளுங்கள்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அந்தக் கிளந்தான் பிள்ளை விடியற்காலையில் எழ வேண்டியவள். அவள் கண்ணயரும் நேரத்தில் பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி, தனக்குப் புரியாத மொழியில், தினமும் போனில் அழுகிறாள். காரணம் தெரியாது, கேட்கவும் தயக்கம். அவளும் இந்நேரம் தன் அம்மாவிடம் ஏதாவது சொல்லி வருத்தப்பட்டிருப்பாள்!

எல்லா அழுகையும் சாதாரணம் என்று சொல்லவில்லை. வகுப்புக்கே போகாமல் அறையில் முடங்கிக் கிடப்பது, இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் இருப்பது, வாழ்ந்து என்ன பயன் என்பது போன்ற பேச்சு, இவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது. அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் கவுன்சலிங் பிரிவு உண்டு, மாணவர்களுக்குக் கட்டணம் கிடையாது. நம் நாட்டில் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றவர்கள்தான் கவுன்சலர் என்ற பெயரில் வேலை செய்ய முடியும். பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்பதும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. பைத்தியக்காரர்கள் போகும் இடம் என்று நம் பக்கம் ஒரு பேச்சு இருக்கிறதே, அதை வீட்டில் யாரும் வாயில் எடுக்க வேண்டாம். போனிலேயே பேச வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் சேவை 15555 என்ற எண்ணில் கிடைக்கும்.

வெள்ளிக்கிழமை தோறும் ஊருக்கு வருவதை நிறுத்துங்கள். போக ஐந்து மணி, வர ஐந்து மணி என்றால் சனி ஞாயிறில் மிச்சம் என்ன இருக்கும்? விடுதியில் ஆட்கள் ஒருவரோடு ஒருவர் பழகுவதே அந்த இரண்டு நாளில்தான். கோத்தோங் ரோயோங் என்னும் கூட்டுத் துப்புரவு வேலை, விளையாட்டுப் போட்டி, பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தைக்குக் கூட்டாகப் போவது எல்லாம் அப்போதுதான் நடக்கும். வாரா வாரம் கிளம்பிவிடும் பிள்ளை திங்கட்கிழமை மறுபடி புது ஆளாகவே வந்து நிற்பாள். மெரிட் கணக்கும் இருக்கிறது. பல பல்கலைக்கழகங்களில் விடுதி நடவடிக்கைகளில் கலந்துகொள்ளும் மாணவருக்குப் புள்ளி கொடுப்பார்கள். அடுத்த வருஷம் யாருக்கு அறை என்று முடிவெடுக்கும்போது அந்தப் புள்ளியைத்தான் பார்ப்பார்கள். படிப்பில் கெட்டிக்காரியாக இருந்தும் மெரிட் இல்லாமல் இரண்டாம் ஆண்டில் அறை கிடைக்காமல் நிற்கும் நம் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். "படிப்பை மட்டும் பார்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள், அவள் அதையே பிடித்துக்கொண்டிருந்தால் அடுத்த வருஷம் இதுதான் நடக்கும்.

முதல் முறை தீபாவளிக்கு வரட்டும். டிக்கெட்டை இப்போதே வாங்கச் சொல்லுங்கள், கடைசி வாரத்தில் பஸ்ஸும் கிடைக்காது, ரயிலும் கிடைக்காது. பொது விடுமுறை ஒரு நாள்தான். கூட ஒன்றிரண்டு நாள் வேண்டுமென்றால் லெக்சரர்களிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும், சொல்லாமல் மறைந்துவிடக் கூடாது. இடையில் மனசு கேட்காவிட்டால் நீங்களும் வீட்டுக்காரரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வெளியே சாப்பாடு வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அறைக்குள் போய் அலமாரியை அடுக்கித் தருகிறேன் என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள்.

அலமாரி என்றதும் ரைஸ் குக்கர் ஞாபகம் வருகிறது. உங்கள் பாசம் புரிகிறது, ஆனால் அதை முதலில் வெளியே எடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான விடுதிகளில் அறைக்குள் சமைக்கத் தடை. பழைய கட்டடங்களின் வயரிங் அறைக்கு அறை குக்கர், அயர்ன், கெட்டல் என்று போடுவதைத் தாங்காது. ஒருத்தி குக்கரைப் போட்டால் மாடி முழுக்க கரண்ட் போகும், தீப்பிடிக்கும் பயமும் உண்டு. சோதனையில் கிடைத்தால் பறிமுதல், அபராதம். சில இடங்களில் மின்சாரப் பொருளைப் பதிவு செய்து ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம், சில இடங்களில் மாடிக்கு ஒரு பேன்ட்ரி உண்டு. விதி என்ன என்று ஆபீசில் கேட்டாலே தெரிந்துவிடும். கேட்கப் பயந்துதான் துணிக்கு அடியில் வைத்திருக்கிறாள். விளக்கு, ஊதுபத்தி, சாம்பிராணியும் இதே கணக்குத்தான். முருகன் படம் வைத்துக் கும்பிடட்டும், நெருப்பு வேண்டாம். சாப்பாட்டுக்கு நெத்திலி சம்பல், பருப்புப் பொடி, ஊறுகாய் என்று கெடாதவற்றைக் கொடுத்தனுப்புங்கள். கேண்டீனில் வெள்ளைச் சோறும் ஒரு முட்டையும் கீரையும் எடுத்தால் காசும் குறைவு, அதோடு உங்கள் பொடியையும் போட்டால் சாப்பாடு இறங்கும். மாட்டிறைச்சி சாப்பிட மாட்டேன் என்பதை அறைத்தோழியிடம் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், பிறகு அவளே கவனித்துக்கொள்வாள்.

கிளந்தான் பேச்சு புரியாததற்கு உங்கள் மகளின் மலாயைக் குறை சொல்ல வேண்டாம். ஜொகூரிலிருந்து வரும் மலாய்ப் பிள்ளைக்கே முதல் மாதம் திணறல்தான். "என்ன" என்பதற்கு "ஆப்பா" என்று படித்தவளிடம் "காப்போ" என்றால் அவளும் என்ன செய்வாள்? "புரியவில்லை, மெதுவாகச் சொல்" என்றால் அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே பள்ளிக்கூட மலாயில் திருப்பிச் சொல்லிவிடும். அலாரத்தையும் இப்படித்தான் தீர்க்க வேண்டும். சுபுஹ் தொழுகைக்கு எழுவது அவள் கடமை, அதில் நமக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. நாலைந்து தடவை அடிக்க விடுவது அவள் பழக்கம், அதைக் கேட்கலாம். கேட்கும் நேரம்தான் முக்கியம். தூக்கம் கலைந்த எரிச்சலில் காலையில் கேட்டால் சண்டையில் முடியும். சாயங்காலம் இரண்டு பேரும் சும்மா இருக்கும்போது, "அலாரம் து போலே பெர்லாஹான் சிக்கிட் தா? ஆக்கு சுசா நா தீடோர் பாலே" (அலாரத்தைக் கொஞ்சம் மெதுவாக வைக்க முடியுமா? எனக்கு மறுபடி தூக்கம் வர கஷ்டமாக இருக்கிறது) என்று சாதாரணமாகச் சொல்லட்டும். கூடவே, "நான் ராத்திரியில் போன் பேசுவது உனக்கு இடைஞ்சலா?" என்றும் கேட்கட்டும். நீயும் கொஞ்சம் விட்டுக்கொடு, நானும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறேன் என்று பேச்சு வந்துவிட்டால் அறை பாதி சரியாகிவிடும். விளக்கை எத்தனை மணிக்கு அணைப்பது, காற்றாடியை எந்த வேகத்தில் வைப்பது, ஆட்களை அறைக்குக் கூட்டி வரலாமா, எல்லாவற்றையும் ஒரே உட்காரலில் பேசிவிடலாம்.

இத்தனையும் எழுதிவிட்டு உங்கள் கடிதத்தை மறுபடி பார்க்கிறேன். "வாயைத் திறக்காதே" என்ற அந்த வார்த்தையில் வந்து நிற்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் மகளின் கஷ்டத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது.

அது எங்கிருந்து வந்த புத்தி என்று எனக்குத் தெரியும். என் தாத்தா பாட்டியும் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள்தான். தோட்டத்தில் வேலையும் வீடும் ஒரே ஆள் கையில் இருந்தன. எதிர்த்துப் பேசி வேலை போனால், குடியிருக்கும் வீட்டையும் காலி செய்ய வேண்டும். பிள்ளைகளோடு ரோட்டில் நிற்க யாருக்குத் தைரியம் வரும்? அதனால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் தலை குனிந்து நின்றார்கள். குறை இருந்தால் மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) வழியாகச் சொன்னார்கள், 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் வந்த பிறகு கிளைத் தலைவர் வழியாகச் சொன்னார்கள். தன் வாயால் நேராக ஆபீசுக்குப் போய்க் கேட்பது நம் வழக்கத்தில் இல்லை. அந்த நாளில் அது கோழைத்தனமும் இல்லை, பிழைக்கத் தெரிந்தவர்களின் விவேகம். லயத்துப் பிள்ளைக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் வளர்ந்த பிள்ளைக்கு, இன்னொரு வசதியும் இருந்தது. அவள் முகம் வாடியிருந்தால் பக்கத்து வீட்டு அத்தை வந்து கேட்பார், அப்பாவிடம் சொல்வார், அப்பா போய்ப் பேசுவார். தனக்கு என்ன வேண்டும் என்று அவள் சொல்லாமலே வேலை நடந்துவிடும்.

விடுதியில் அப்படி ஒரு அத்தை கிடையாது. உங்கள் மகளுக்கு இடத்தைப் பங்கு போட்டுக்கொள்ளத் தெரியும், தங்கச்சியோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள். வாளியும் வரிசையும் அவளுக்கு நாள் போகப் போகப் பழகிவிடும். அறிமுகம் இல்லாத ஒருவரிடம் நேராகப் போய், "எனக்கு இது சரியாக இல்லை, இப்படிச் செய்யலாமா?" என்று கேட்கத்தான் தெரியாது. அலாரத்தை நிறுத்தச் சொல்லவில்லை, குக்கர் விதியை ஆபீசில் கேட்கவில்லை, சீனியர்களிடம் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. மூன்றையும் மனசுக்குள் சேர்த்து வைத்து ராத்திரி உங்களிடம் கொட்டுகிறாள். இங்கே கேட்டதற்காக யாரும் அறையைக் காலி செய்யச் சொல்ல மாட்டார்கள். சொல்லப்போனால், கேட்காமல் ஒளித்து வைத்த ரைஸ் குக்கருக்காகத்தான் நோட்டீஸ் வரும். அதனால் இன்றைக்கே போனில், "நான் அன்றைக்குச் சொன்னதை விட்டுவிடு, தேவையானதை மரியாதையாகக் கேள்" என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். நான் சொன்னால் அறிவுரை. நீங்கள் சொன்னால்தான் அவளுக்கு அனுமதி.

யாரிடம் கேட்பது என்பதும் தெரிய வேண்டும். விடுதிக்கு இடத்துக்கு இடம் ஒவ்வொரு பெயர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் கோலேஜ் கெடியாமான், பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் டேசாசிஸ்வா, சிந்தோக்கில் இருக்கும் வட மலேசியப் பல்கலைக்கழகத்தில் இனாசிஸ். (சிந்தோக்கில் விடுதிகளுக்குப் பெரிய நிறுவனங்களின் பெயர்களை வைத்திருக்கிறார்கள்: புரோட்டோன், பெட்ரோனாஸ், மேபேங்க், சைம் டார்பி. சைம் டார்பி தோட்டத்தில் பால் வெட்டியவரின் பேத்தி சைம் டார்பி விடுதியில் தங்கிப் பட்டம் வாங்கலாம்!) பெயர் எதுவானாலும் உள்ளே அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். மேலே பெங்கெத்துவா, அதாவது விடுதித் தலைவர், பெரும்பாலும் ஒரு விரிவுரையாளர். அவருக்குக் கீழே ஃபெலோக்கள், இவர்கள் விடுதியிலேயே குடியிருக்கும் விரிவுரையாளர்கள் அல்லது அதிகாரிகள். ராத்திரி ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் கூப்பிட வேண்டியது ஃபெலோவைத்தான். அவரைப் பார்த்து ஒளிய வேண்டியதில்லை. கீழ்மாடி ஆபீஸ் சாவி, பழுது, அறை மாற்றம் போன்றவற்றுக்கு. விளக்கு எரியவில்லையா, தண்ணீர் வரவில்லையா, பாரம் (படிவம்) ஒன்றை நிரப்பிக் கொடுத்தால் ஆள் வருவார். முதலில் ஒரு சின்ன விஷயத்தை, அலமாரிப் பூட்டு சரியில்லை என்பதையாவது, அவளே ஆபீசில் போய்ச் சொல்லட்டும்.

இனி அந்தக் கூட்டம்.

எல்லா சீனியர்களையும் சந்தேகப்படச் சொல்லவில்லை. பல்கலைக்கழகங்களில் தமிழ், இந்து மாணவர் அமைப்புகள் நல்ல வேலை செய்கின்றன. பழைய குறிப்புகள் கொடுப்பார்கள், கோயிலுக்குக் கூட்டிப் போவார்கள், பொங்கல் வைப்பார்கள், காய்ச்சல் என்றால் கஞ்சி வாங்கி வருவார்கள். உங்கள் மகள் அப்படி ஒன்றில் கட்டாயம் சேர வேண்டும். அவற்றின் கூட்டத்துக்கு அறிவிப்பு இருக்கும், வளாகத்துக்குள் பதிவு செய்த இடம் இருக்கும், ஆலோசகராக ஒரு விரிவுரையாளர் இருப்பார். விடுதிக் கதவு மூடும் முன் முடிந்துவிடும். வர முடியவில்லை என்றால் "சரி, அடுத்த தடவை வா" என்பார்கள்.

"வராவிட்டால் ஒதுக்கி வைப்போம்" என்பது வேறு வகை. இந்த வகைக் கூட்டங்களைப் பற்றி என்னிடம் பிள்ளைகள் வந்து சொல்லியிருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் அழைப்பு வரும், வேறு யாரிடமும் சொல்லாதே என்று கூடவே வரும். நேரம் பத்து பதினொன்றுக்கு மேல். கைப்பேசியை வாங்கி வைத்துக்கொள்வார்கள். எல்லா சீனியர் பெயரையும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும், எங்கே பார்த்தாலும் வணக்கம் வைக்க வேண்டும். தவறினால் நிற்க வைத்துக் கத்துவார்கள், சில இடங்களில் அதற்கும் மேலே போகும். கேட்டால், நம் இனம் ஒற்றுமையாக இருக்க வேண்டும், எங்களுக்கும் இப்படித்தான் செய்தார்கள் என்பார்கள். எனக்கு இந்த இடத்தில் பொறுமை இல்லை. புதிதாக வந்து பயந்து நிற்கும் பிள்ளையை இன்னும் பயமுறுத்தி என்ன ஒற்றுமை வளரப்போகிறது? புதியவர்களுக்கான ஓரியன்டாசி (அறிமுக) வாரம் முடிந்த நாளோடு முதலாண்டு மாணவரைக் கூப்பிட்டு வரிசையில் நிறுத்தும் அதிகாரம் எந்த சீனியருக்கும் கிடையாது. அந்த வாரத்திலும் பல்கலைக்கழகம் நியமித்தவர்களுக்கு மட்டும்தான். ராகிங் ஒழுங்கு விதிப்படி குற்றம். விசாரணை வந்தால் செய்தவர்களின் படிப்பே போகலாம்.

உங்கள் மகள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். வந்த செய்திகளை அழிக்காமல் படம்பிடித்து வைக்கட்டும். தன்னைப் போல அழைப்பு வந்த முதலாண்டுப் பிள்ளைகள் யார் யார் என்று விசாரிக்கட்டும், நிச்சயம் இருப்பார்கள், அவர்களும் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டுதான் இருப்பார்கள். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து, "ராத்திரி வெளியே வர முடியாது அக்கா, பகலில் கேண்டீனில் சந்திக்கலாம்" என்று ஒரே மாதிரி பதில் அனுப்பட்டும். காரணம், விளக்கம், மன்னிப்பு எதுவும் வேண்டாம். நல்ல எண்ணம் உள்ள சீனியர் பகலில் வந்து பேசுவார். பதிலுக்கு மிரட்டல் வந்தால், அந்தப் படங்களோடு அன்றே ஃபெலோவிடம் போகட்டும். விடுதிக்கு வெளியே நடப்பது என்றால் மாணவர் விவகாரப் பிரிவிலும் எழுத்தில் கொடுக்கலாம். பிள்ளைகள் ஹெச்.இ.பி. என்று சொல்வார்களே, அந்த ஆபீஸ். வாயால் சொன்ன புகார் காற்றோடு போய்விடலாம். எழுதிக் கொடுத்ததற்கு ஒரு நகலும் தேதியும் கையில் இருக்கும்.

நீங்கள் செய்யக் கூடாதது ஒன்று உண்டு. அந்த சீனியர் பெண்ணின் எண்ணை வாங்கி நீங்களே போன் செய்து திட்டாதீர்கள். வீட்டுக்காரர், சித்தப்பா, மாமா எல்லாரும் வேன் எடுத்துக்கொண்டு போய் விடுதி வாசலில் இறங்கவும் வேண்டாம். அன்றைக்குக் கூட்டம் கலைந்துவிடும், மறுநாளிலிருந்து உங்கள் மகள் அங்கே தனியாகத்தானே இருக்க வேண்டும்? புகார் கொடுத்தும் பதில் இல்லையென்றால் அப்போது பெற்றோராக எழுதுங்கள், நேரில் பெங்கெத்துவாவைப் பார்க்க நேரம் கேளுங்கள். அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

வாடகை வீட்டைப் பற்றி வீட்டுக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: வீடு பார்த்துத் தருகிறவர்கள் யார்? ராத்திரிக் கூட்டத்துக்கு மிரட்டிக் கூப்பிடும் அதே பிள்ளைகள். விடுதியில் ஃபெலோவும் காவலரும் கதவு நேரமும் இருக்கும்போதே பயப்படுகிறாள், இவை எதுவும் இல்லாத வீட்டில், அவர்கள் பிடித்துக் கொடுத்த வீட்டில், என்ன செய்வாள்? காசுக் கணக்கும் பாருங்கள். அரசாங்கப் பல்கலைக்கழக விடுதிக் கட்டணம் நாள் கணக்கில் பல இடங்களில் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுக்கு மேல் போகாது. வெளியே என்றால் முன்பணம், தண்ணீர், கரண்ட், வைஃபை, வகுப்புக்குப் போக கிராப் கார் அல்லது மோட்டார் சைக்கிள். பிடிபிடிஎன் என்னும் அரசாங்க உயர்கல்விக் கடன் கைக்கு வரவே சில வாரங்கள் ஆகும், அதுவரை எல்லாம் உங்கள் லாரிக் காசுதான். இந்தியப் பிள்ளைகளோடு இருக்க ஆசைப்படுவதில் தப்பே இல்லை. இரண்டாம் மூன்றாம் ஆண்டில், யார் எப்படி என்று அவளே பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகு, தனக்குப் பிடித்த தோழிகளோடு வீடு எடுக்கட்டும்.

அறைத்தோழியோடு பேசிப் பார்த்தும் நிஜமாகவே ஒத்துவரவில்லை என்றால், அறை மாற்றம் கேட்கலாம். பதிவு வேலைகள் முடியும் வரை பல விடுதிகளில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அதன் பிறகு பாரம் கிடைக்கும். அலாரம் மட்டும் காரணம் என்றால் நான் அவசரப்பட மாட்டேன்.

ஃபெலோவிடம் சொல்லி ஒரு வாரத்தில் எதுவும் நடக்கவில்லை என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள். அப்போது பல்கலைக்கழகத்தின் பெயர், விடுதியின் பெயர், புகார் கொடுத்த தேதி மூன்றையும் போட்டு எழுதுங்கள். யாரைப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்புகிறேன், அது இந்தப் பகுதியில் வராது.